பாப்கார்னுக்கு ஏற்ற ஒயின்

‘ஸ்கேண்டல்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு நாயகி ஒலிவியா போப்பின் இரவுணவு நினைவிருக்கும்: பெரிய கோப்பையில் சிவப்பு ஒயின், பக்கத்தில் பாப்கார்ன். இந்த இணையில் எனக்கு உடன்பாடில்லை. வெண்ணெயும் உப்பும் சேர்ந்த பொரிக்குப் புளிப்பும் நுரையும் உள்ள ஒயினே பொருந்தும். நாவில் படியும் கொழுப்பை அது கழுவிவிடும்.

அதற்காக ஷாம்பெயின் வாங்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் காவாவும் அதே முறையில், புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்துத் தயாராவதுதான். ஷாம்பெயினைக் குறைந்தது 15 மாதங்கள் வைத்திருந்தே விற்க வேண்டும். காவாவுக்கு 9 மாதங்கள் போதும். முடங்கிய முதலுக்கு வட்டி உண்டல்லவா? மேலும், பிரான்ஸின் அந்த ஒரு வட்டாரத்தில் விளையாததை ஐரோப்பாவில் ஷாம்பெயின் என்று விற்க இயலாது. நிலவாரம் பற்றி ரிக்கார்டோ சொன்னது இங்கும் செல்லும்.

விருந்தினர் முன் மலிவான புட்டியை வைக்கக் கூசுவோர் உண்டு. விலையை மறைத்து நடத்திய 6,000-க்கும் மேற்பட்ட சுவைப்புகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், பயிற்சியற்றவர்கள் விலையுயர்ந்த ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர்.

அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் நவம்பரின் நான்காம் வியாழன். பிரான்ஸின் போஜொலே நூவோ மூன்றாம் வியாழனன்று கடைக்கு வருகிறது. அறுவடையான சில வாரங்களிலேயே விற்பனையாவதால் காத்திருப்புச் செலவில்லை, விலையும் குறைவு. மென்மையான இச்சிவப்பு ஒயின் வான்கோழிக் கறிக்கு இசையும். சற்றே குளிர்வித்துப் பரிமாறலாம். அடுத்த ஆண்டுக்கென்று சேமித்து வைப்பதில் பயனில்லை.