பூந்தமல்லிக்கு மேற்கே: குருவும் கணக்கும்

சென்னையின் மேற்குப் புறநகர், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஏரிகளை நம்பி வாழ்ந்த சிற்றூர்களாகவே இருந்தது. மேனாம்பேடு, கொரட்டூர், அயப்பாக்கம் போன்ற ஊர்களில் கிராம தேவதையின் கோயிலும் ஆடித் திருவிழாவும், யாருக்கு எந்த மரியாதை, யார் யாரிடம் முறையிடலாம் என்பதையெல்லாம் முன்பே வகுத்து வைத்திருந்தன. 1960களில் ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபின், ஷிப்டு வேலைக்காக இங்கே வாடகைக்குக் குடியேறிய குடும்பங்களின் குலதெய்வங்கள் தொலைவில், சொந்த ஊர்களில் இருந்தன. பிள்ளையின் காய்ச்சலையும் மகளின் திருமணத் தடையையும் சொல்லி அழுவதற்கு ஜெபக்கூட்டங்களும் பஜனை மடங்களும் வீட்டுச் சத்சங்கங்களும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. இவற்றில் பெரும்பாலானவை ஒருவருக்கும் தீங்கு செய்யாதவை. சில மட்டுமே குருவைச் சுற்றி இறுகி, உள்ளே வந்தவர் வெளியேற முடியாதபடி மூடிக்கொண்டவை. இத்தகைய மூடிய குழுவை உலகம் ‘கல்ட்’ என்ற சொல்லால் குறிக்கிறது. அதை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்ற கேள்விக்குத் தமிழகம் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் தந்த விடைகள் ஒன்றுபோல் இருக்கவில்லை.

கொள்கை விசித்திரமாக இருப்பதே முதல் அடையாளம் என்று கொள்வது பழைய வழக்கம். அது பலமுறை தவறான இடத்தில் விரல் நீட்டியிருக்கிறது. 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கி, 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க வள்ளலார், மரணமிலாப் பெருவாழ்வு கிட்டும் என்று சொன்னார். அவருடைய பாடல்களை ‘அருட்பா’ என அழைக்கலாகாது என்று சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் எதிர்க்க, பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்ட வள்ளலார் மீண்டு வருவார் என்று அன்பர்கள் காத்திருந்தனர். நம்பிக்கையின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை ஐயத்திற்குரிய குழு என்றே அன்றைய அதிகாரி ஒருவர் எழுதியிருக்கக்கூடும். ஆனால், தருமச்சாலையில் உண்பவர் எவரும் எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உண்டபின் எழுந்து போகலாம்.

எழுந்து போகும் இந்த உரிமை இப்பகுதியின் மரபுக்கும் அந்நியமானதன்று. பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் பிறந்த ஆழ்வார், சமணம், பௌத்தம், சைவம் எனப் பல சமயங்களுள் புகுந்து ஆராய்ந்து, பின்னரே பேயாழ்வாரால் வைணவத்துக்கு வந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. வரலாற்றுச் சான்றாக இதைக் கொள்ள முடியாதெனினும், ஒவ்வொரு சமயத்திலும் நுழைந்து வெளியேறிய ஒருவரை வைணவர்கள் ஆழ்வாராகப் போற்றினர் என்பது கவனிக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேள்வி சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வேறொரு வடிவில் வந்தது. அடையாற்றில் இயங்கிய பிரம்மஞான சபையின் ஊழியரான நாராயணய்யாவின் மகன் கிருஷ்ணமூர்த்தியை, 1909இல் சபையின் முன்னணியாளர் லெட்பீட்டர் கண்டெடுத்து, வரப்போகும் உலக ஆசானுக்குரிய உடல் இதுவே என்று அறிவித்தார். 1910இல் தந்தையே கையெழுத்திட்டு கிருஷ்ணமூர்த்தியையும் அவருடைய தம்பியையும் சபைத் தலைவர் அன்னி பெசன்ட்டின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி 1912இல் வழக்குத் தொடுத்தார். 1913இல் நீதிபதி பேக்வெல் சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தார். 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. உலக ஆசான் வருவாரா என்பது வழக்கின் மையமாகவில்லை; தந்தை தம் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா, சிறுவர்களின் விருப்பத்தைக் கேட்டறிந்தது யார் என்பனவே ஆராயப்பட்டன. பிற்காலத்து ஆராய்ச்சிகளைவிட இக்கேள்விகள் கூர்மையானவை என்றே சொல்ல வேண்டும். அந்தச் சிறுவனே வளர்ந்து, தன்னைத் தலைவனாக்கி அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தை 1929 ஆகஸ்ட் 3இல் ஹாலந்தின் ஓமன் முகாமில் கலைத்தார். தலைவனே கதவைத் திறந்துவிட்ட இத்தகைய நிகழ்ச்சி அரிது.

இதற்கு நேர்மாறான நிலை விராலிமலை அருகே சாமியார் பிரேமானந்தா நடத்திய ஆசிரமத்தில் இருந்தது. இலங்கையின் மாத்தளையிலிருந்து 1984இல் தமிழகம் வந்த அவரை, கையில் விபூதி வரவழைப்பதும் சிவராத்திரியன்று வாயிலிருந்து லிங்கம் எடுப்பதும் பிரபலமாக்கின. பகுத்தறிவாளர்கள் அந்த லிங்கத்தையே குறிவைத்துப் பேசினர். ஆசிரமத்தில் தங்கியிருந்த பெண்பிள்ளைகளில் பலர் இலங்கைப் போரால் பெயர்ந்த, போக வேறிடமற்ற சிறுமிகள் என்பதோ பலர் கண்ணில் படவில்லை. 1994இல் உள்ளிருந்து தப்பி வந்தவர்கள் வாய் திறந்த பிறகே காவல்துறை நுழைந்தது. 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம், 13 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதற்காகவும் ஒரு கொலைக்காகவும் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது; அதை உச்ச நீதிமன்றம் 2005இல் உறுதிசெய்தது. மரபணுச் சோதனை இவ்வழக்கில் முக்கியச் சான்றாக அமைந்தது.

அமெரிக்க உளநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவின் மனமாற்ற முகாம்களிலிருந்து வந்தவர்களை ஆராய்ந்து 1961இல் நூல் எழுதியவர். 1981இல் அவர் இத்தகைய மூடிய குழுக்களுக்குரிய மூன்று இயல்புகளைச் சுட்டினார். போதனை பின்னுக்குப் போய்த் தலைவரே வழிபாட்டுப் பொருளாவது, உறுப்பினரின் சிந்தனை திட்டமிட்டு மாற்றப்படுவது, பணத்தாலோ உடலாலோ அவர்கள் சுரண்டப்படுவது ஆகியன அவை. முதல் இயல்பு கண்ணுக்குத் தெரியும், ஆனால் குருவழிபாடு வேரூன்றிய நாட்டில் அது தனியே எதையும் நிறுவாது. இரண்டாவதை வெளியாள் அளப்பது கடினம். மூன்றாவதற்கு மட்டுமே கணக்கேடும் சாட்சியும் கிடைக்கும்.

மேற்குப் புறநகருக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டான கல்கி பகவான் இயக்கத்தில் இந்த வேறுபாடு நன்கு விளங்கும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பணியாற்றிய விஜயகுமார் 1984இல் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஜீவாஸ்ரமம் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1989இல் அங்குள்ள மாணவர்களுக்குத் தெய்வ அனுபவம் ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டபின், அவர் கல்கி அவதாரமாக அறியப்பட்டார். பூந்தமல்லியிலிருந்து திருமழிசை, வெள்ளவேடு வழியே திருவள்ளூர் செல்லும் சாலையை ஒட்டிய நேமத்தில் ஆசிரமம் எழுந்தது. சத்சங்க வீடுகளில் ‘ஸ்ரீமூர்த்தி’ எனப்படும், பகவானும் அவர் மனைவி அம்மாவும் உள்ள படம் பூஜையறையில் இருக்கும். அதன் கண்ணாடியில் தேன் வடிந்ததாகவும் குங்குமம் பூத்ததாகவும் செய்தி பரவ, தெருவே திரண்டு வந்து பார்க்கும். தலையில் கைவைத்து அருள் வழங்கும் தீட்சை, பிரம்மசாரிகளான ‘தாசாஜி’கள், வெளிநாட்டினருக்கான 21 நாள் பயிற்சி என அமைப்பு விரிந்தது. 2008இல் வரதையபாளையத்தில் பெருங்கோயில் திறக்கப்பட்டது. 2012இல் பொற்காலம் பிறக்கும் என்று சொல்லப்பட்டது. அந்த ஆண்டு மற்ற ஆண்டுகளைப் போலவே கழிந்தது.

2019 அக்டோபரில் வருமானவரித் துறை நடத்திய சோதனை தேனைப் பற்றியோ அவதாரத்தைப் பற்றியோ எதையும் கேட்கவில்லை. சுமார் 43.9 கோடி ரூபாய் ரொக்கம், 25 இலட்சம் அமெரிக்க டாலர், 88 கிலோ தங்க நகைகள், 1,271 காரட் வைரம் ஆகியவை கைப்பற்றப்பட்டதாகவும், கணக்கில் காட்டாத வருமானம் 500 கோடிக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடப்படுவதாகவும் மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவித்தது. இவை துறையின் கூற்றுகளே, குற்றத்தீர்ப்பு அன்று. தாங்கள் நாட்டைவிட்டு ஓடிவிட்டதாகப் பரவிய செய்தியைக் குருவும் மனைவியும் காணொளியில் மறுத்தனர். காணிக்கைக்கு ரசீது கேட்கும் பழக்கம் அன்பர்களிடம் இருந்திருந்தால் இந்தக் கேள்விகளில் பலவும் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருக்கும்.

இந்தியச் சட்டத்தில் மூடிய குழுவுக்கு வரையறையே கிடையாது. 1954இல் சென்னை மாநில அறநிலையத் துறை தொடர்பான சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப்பெயர் ஆகிய மூன்றும் உடையதைச் சமயப் பிரிவு என விளக்கியது. இம்மூன்றும் நல்ல மடத்துக்கும் கொடிய ஆசிரமத்துக்கும் ஒருங்கே பொருந்தும். ஆகவே அரசு, சமயம் என்ற தலைவாசலை விட்டுப் பக்கவாசல்களின் வழியே நுழைகிறது: பணத்துக்கு வருமானவரிச் சட்டம், உடலுக்குக் குற்றவியல் சட்டம், பிள்ளைகளுக்கு விடுதிச் சட்டம். 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் பதிவு செய்யக் கட்டாயமாக்கியது. ஓர் ஆசிரமத்தின் வாசலில் நின்று, உள்ளே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்க ஓர் அதிகாரிக்கு இன்று கடவுளைப் பற்றிய கருத்து எதுவும் தேவையில்லை.