குளியலே மருந்தா இருந்த காலம்

அனுப்பர்பாளையத்துல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "நாய்க்குக் கழுத்துல உண்ணி மருந்து விட்டிருக்கோம். டாக்டர் ரெண்டு நாள் குளிப்பாட்டாதீங்கறார். அப்பத்தாவோ 'மருந்துன்னா குளிப்பாட்டணும்டா'ங்கறாங்க. யார் சொல்றது சரிங்க?"

ரெண்டு பேருமே சரி. ஆனா வேற வேற காலத்துக்கு.

அப்பத்தா காலத்து முறையில குளியல்தான் மருந்து. இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்ல. 1906-ல அமெரிக்கா மாட்டு உண்ணியை ஒழிக்கக் கிளம்பினப்போ, ஆர்சனிக் கலந்த தொட்டியில மாடுகளை முக்கி எடுத்தாங்க. ஆமாங்க, விஷ ஆர்சனிக்தான்! பிறகு டிடிடி வந்துச்சு. அது பூச்சியைக் கொல்லும்னு 1939-ல கண்டுபிடிச்ச பால் முல்லருக்கு 1948-ல நோபலே கொடுத்தாங்க. இன்னைக்கும் அமிட்ராஸைத் தண்ணியில கலந்து நாய் மேல ஊத்தறது உண்டு.

1990-களின் நடுவில் கதை தலைகீழாச்சு. ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட்னு ரெண்டு விவசாயப் பூச்சிக்கொல்லிகள் குட்டி டியூப்ல அடைபட்டு நாய் கழுத்துக்கு வந்துச்சு. பருத்தி விதைக்குப் பூசற அதே இமிடாக்ளோபிரிட்தான். பனியன் ஊர்க்காரங்களுக்கு இது தூரத்துச் சொந்தம்!

ஃபிப்ரோனில் சொட்டு, தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசையில கரைஞ்சு உடம்பெல்லாம் பரவும். எண்ணெய்ச் சுரப்பிகள்ல தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். இப்போ சீயக்காயை நினைச்சுக்கோங்க. முன்னாடியே ஷாம்பு போட்டா பசை போயிடும், மருந்து பரவ வழி இருக்காது. உடனே பின்னாடி போட்டா, தங்கறதுக்குள்ள மருந்தே போயிடும். அதனாலதான் முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள்னு பொதுவா ஒரு கணக்கு.

கழுவிப் போன மருந்து எங்க போகும்? சாக்கடைக்கு. இங்கிலாந்துல 2016 முதல் 2018 வரை 20 ஆறுகள்ல எடுத்த தண்ணி மாதிரிகளை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினாங்க. 98 சதவீதத்துக்கு மேல ஃபிப்ரோனில். வயல்ல அதை அங்க கிட்டத்தட்ட யாருமே அடிக்கறதில்ல. செல்லப்பிராணிகள் மேலதான் சந்தேகம் விழுந்துச்சு. நீர்ப்பூச்சிகளுக்கு இது துளி அளவுலயே நஞ்சு.

நொய்யலைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாயத்தண்ணியால 2011 ஜனவரியில பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்த ஆறு அது. சாயம் நிறத்தைக் காட்டிக் கொடுத்துச்சு. இதுக்கு நிறமே கிடையாது.

அதனால அனுப்பர்பாளையம் நண்பா, டாக்டர் பேச்சைக் கேளுங்க. வாராவாரம் குளிப்பாட்டற பழக்கம் இருந்தா அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க. 2014 வாக்கில் வாய்வழி மாத்திரைகளும் வந்தாச்சு, அதுக்கு இந்தக் குளியல் கணக்கே இல்ல. எது உங்க நாய்க்குச் சரின்னு அவர் பார்த்துச் சொல்லுவார். அப்பத்தாகிட்ட மட்டும் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.