இதயச் செயலிழப்பு ஊசிமருந்துகளின் கட்டணக் குறியீடுகள் (அமெரிக்கா)

இதயச் செயலிழப்புக்கு ஊசிவழி செலுத்தும் மருந்துகளுக்காக மெடிகேர் முதலிய காப்பீடுகளிடம் பணம் கோரும்போது அமெரிக்க மருத்துவமனைகள் எழுதும் குறியீடுகள் இவை. 1978இல் தோன்றிய ஹெச்.சி.பி.சி.எஸ். தொகுதியின் இரண்டாம் நிலையில் இவை அடங்கும். ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டவை. வாய்வழியாக அல்லாமல் செலுத்தப்படும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்து ‘ஜே’.

ஒவ்வொரு குறியீடும் மருந்தோடு ஓர் அளவையும் சுட்டும். டோபுடமின் ஜே1250, 250 மி.கி.; மில்ரினோன் ஜே2260, 5 மி.கி.; டோபமின் ஜே1265, 40 மி.கி. இந்த அளவே கட்டணத்துக்கான அலகு. குப்பியின் கொள்ளளவு வேறாக இருக்கலாம் என்பதால் பிழைகள் இங்கேதான் மிகுதியாக நேர்கின்றன. 20 மி.கி. மில்ரினோன் பை ஒன்று நான்கு அலகு. அதை ஒன்று என எழுதினால் முக்கால் பங்குத் தொகை கிடைக்காது.

நெசிரிடைடின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. அதன் குறியீடான ஜே2325இன் அலகு 0.1 மி.கி.; 1.5 மி.கி. குப்பிக்குப் பதினைந்து அலகு. மோசமடைந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோருக்கென 2001இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, விரைவில் புறநோயாளர்களுக்கும் குறித்த இடைவெளிகளில் ஏற்றப்பட்டது. கட்டண முறைக்கு இதில் பங்குண்டு. உள்நோயாளிக்கு 1983 முதல் நோய்த்தொகுதி அடிப்படையில் ஒரே தொகைதான். மருந்துக்கெனத் தனிப்பணம் இல்லை. புறநோயாளிக்கோ ஜே குறியீட்டின் வழியே தனியாகக் கிடைத்தது. சிறுநீரகப் பாதிப்பு, இறப்பு குறித்த ஐயங்கள் 2005இல் எழுந்தன. நாட்பட்ட இதயச் செயலிழப்புக்கு இதைத் தருவதற்கான கட்டணத்தை மெடிகேர் 2006 மார்ச்சில் நிறுத்தியது. குறியீடு பட்டியலில் நீடித்தது. குறியீடு இருப்பதும் பணம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த அசெண்ட்-எச்எஃப் ஆய்வு 2011இல் வெளிவந்தது; மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை, இறப்பைக் கூட்டவில்லை, ஆனால் குறிப்பிடத்தக்க பயனும் தரவில்லை என்றது.

வீட்டில் பம்பு மூலம் ஏற்றப்படும் மில்ரினோனும் டோபுடமினும் உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் மருத்துவச் சாதனப் பிரிவில் சேரும். புறநோயாளர் ஊசிமருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 2005 முதல் சராசரி விற்பனை விலையோடு 6 சதவீதம் சேர்த்து மெடிகேர் தொகை கணக்கிடப்படுகிறது. ஒருமுறைக் குப்பியில் எஞ்சிக் கொட்டப்படும் மருந்துக்கு ஜேடபிள்யூ என்ற இணைப்பு 2017 முதலும், எதுவும் கொட்டப்படவில்லை எனக் காட்டும் ஜேஇசட் 2023 ஜூலை முதலும் கட்டாயம்.