மகப்பேற்று வரலாறும் கருப்பைப் புற்றுநோயும்

ஒரு பெண் எத்தனை முறை கருவுற்றார், அவற்றில் எத்தனை பிரசவத்தில் முடிந்தன, எத்தனை கலைந்தன, முதல் பேறும் கடைசிப் பேறும் எந்த வயதில், எவ்வளவு காலம் பாலூட்டினார் ஆகிய விவரங்களின் தொகுப்பே மகப்பேற்று வரலாறு. கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய்க்கும் இந்த வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒருமுறையாவது நிறைமாதக் கர்ப்பம் கண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு. கர்ப்பங்கள் கூடக்கூட அது இன்னும் குறைகிறது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்தாக வேண்டும். பேச்சுவழக்கில் ‘கர்ப்பப்பைப் புற்றுநோய்’ என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒன்றாகிவிடுகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோய் எச்பிவி வைரஸால் வருவது. அதில் பல பிரசவங்கள் ஆபத்தைக் கூட்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் வெளியிட்ட கூட்டாய்வில், வைரஸ் தொற்றுள்ள பெண்களில் ஏழும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு, பேறே காணாதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஆபத்து இருந்தது. கருப்பையின் உடல்பகுதியில், அதன் உள்பூச்சான அகவுறையில் தோன்றும் நோய்க்குக் கணக்கு நேர் எதிர். இக்கட்டுரை பேசுவது இந்த இரண்டாவது நோயைப் பற்றி. 2022இல் உலகில் சுமார் 4,20,000 பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகே வரும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலிய மருத்துவர் டொமெனிகோ ரிகோனி-ஸ்டெர்ன், வெரோனா நகரின் 1760 முதல் 1839 வரையான இறப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்து 1842இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம், கருப்பைப் புற்றுநோய் குறைவு என்பது அவர் கண்டது. அக்காலப் பதிவுகளில் ‘கருப்பை’ என்ற ஒரே தலைப்பில் பெரும்பாலும் இருந்தது வாய்ப்பகுதி நோய்தான். இரண்டையும் பிரித்து எண்ணிய பிறகே உண்மை தெரிந்தது. அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளின் இறப்புகளை ஆராய்ந்து ஜோசப் ஃப்ராமெனி குழுவினர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப்பகுதி நோய் குறைந்தும், வயதானவர்களிடம் கருப்பை உடல்பகுதி நோய் கூடியும் இருந்தது.

காரணத்தை அறிய அகவுறையை அருகில் சென்று பார்க்க வேண்டும். மாதவிலக்கு முடிந்தவுடன் அது சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள மெல்லிய படலம். ஈஸ்ட்ரோஜன் சுரக்கச் சுரக்கச் செல்கள் பெருகி, இரண்டே வாரத்தில் தடித்து மெத்தைபோல் ஆகிறது. கருமுட்டை வெளிப்பட்டபின் புரோஜெஸ்ட்ரோன் வந்து அந்தப் பெருக்கத்தை நிறுத்திப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் படலம் உதிர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். செல்கள் பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணுவில் பிழை விழ இடமுண்டு. புரோஜெஸ்ட்ரோனின் கடிவாளம் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் நீண்ட காலம் செயல்பட்டால் ஆபத்து கூடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் கொடுத்தபோது இந்நோய் பல மடங்கு கூடியதை 1975இல் வெளியான இரு அமெரிக்க ஆய்வுகள் காட்டின. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அதன்பிறகே வேரூன்றியது.

கர்ப்ப காலத்தில் முதலில் சினைப்பையும் பிறகு நஞ்சுக்கொடியும் புரோஜெஸ்ட்ரோனை ஏராளமாகச் சுரக்கின்றன. அகவுறையின் மாதாந்தரச் சுழற்சி அடியோடு நிற்கிறது. ஆகவே பாதுகாப்பு ஒன்பது மாத ஓய்விலிருந்து வருகிறது என்பது நெடுநாளைய விளக்கம். பிரசவத்தின்போது அகவுறை பெருமளவு உரிந்து வெளியேறுகையில், கெடத் தொடங்கிய செல்களும் கூடவே போய்விடுகின்றன என்பது இன்னொன்று. வயது ஏறிய பின் நிகழும் பேறு கூடுதல் பலன் தருவது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது: 2012இல் 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கடைசிப் பிள்ளையை 40 வயதிலோ அதற்குப் பின்போ பெற்றவர்களுக்கு, 25க்குள் பேற்றை முடித்துக்கொண்டவர்களைவிட ஆபத்து 44 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்த விளக்கங்களைச் சற்று அசைத்தது டென்மார்க். அங்கே ஒவ்வொருவருக்கும் 1968 முதல் தனி அடையாள எண் உண்டு. பிரசவம், கருக்கலைப்பு, புற்றுநோய் எல்லாம் அந்த எண்ணிலேயே பதிவாகின்றன. எனவே பெண்களின் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை, சொல்லத் தயங்கியதும் விட்டுப்போகாது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், முதல் கர்ப்பம் பிரசவத்தில் முடிந்தவர்களுக்கு ஆபத்து 34 சதவீதம் குறைவு. கருக்கலைப்பில் முடிந்தவர்களுக்கோ 47 சதவீதம் குறைவு. கர்ப்பம் எத்தனை வாரம் நீடித்தது என்பது முடிவை மாற்றவில்லை. அப்படியானால் பாதுகாப்பு தரும் மாற்றம் ஏதோ கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே நடந்துவிடுகிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதினர். ஆனால் 30 ஆய்வுகளை இணைத்து 2021இல் வந்த கணக்கு, நிறைமாதக் கர்ப்பத்துக்கே கூடுதல் எடை தருகிறது: ஒருமுறையாவது கண்டவர்களுக்கு 41 சதவீதம் குறைவு, பாதியில் முடிந்த ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 7 முதல் 9 சதவீதம் குறைவு. இரண்டில் எது சரி என்பது தீரவில்லை. பாதியில் முடிந்த கர்ப்பமும் கணக்கில் வரும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

நம் மருத்துவமனைச் சீட்டில் இந்த வரலாறு ஒரே வரியில் இருக்கும்: ‘ஜி4 பி3 எல்2 ஏ1’. நான்கு முறை கர்ப்பம், மூன்று பிரசவம், உயிருடன் இரண்டு பிள்ளைகள், கலைந்தது ஒன்று. “எத்தனை புள்ளைங்கம்மா?” என்று கேட்டால் ‘ரெண்டு’ என்றுதான் பதில் வரும். இழந்த பிள்ளையும் கலைந்த கருவும் அந்தப் பதிலில் இல்லை; அந்தப் பெண்ணின் மனதில் நிச்சயம் உண்டு. அகவுறையைப் பொறுத்தவரை உயிருடன் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு எந்தப் பொருளும் இல்லை. முதல் எழுத்துதான் அதிகம் சொல்கிறது. மருத்துவர் பொறுமையாக, உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி அது.

பாலூட்டலும் சிறிதளவு உதவுகிறது. பிள்ளை பெற்றவர்களில் பாலூட்டியவர்களுக்கு ஆபத்து சுமார் 11 சதவீதம் குறைவு என்று 2017இல் ஒரு கூட்டாய்வு காட்டியது.

பிள்ளைப்பேறு இல்லாதவர்களுக்கு ஏன் ஆபத்து கூடுதல் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. கர்ப்பத்தின் பாதுகாப்பு கிடைக்காதது ஒரு பாதி. கருத்தரிக்க விடாத காரணமே புற்றுநோய்க்கும் வழி திறப்பது மறுபாதி. சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் சுரப்பதில்லை; அகவுறை தடித்துக்கொண்டே போகும். இவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. உடல் பருமனும் சேர்ந்தால் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கத் தொடங்கும். தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி பெண்களில் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். இந்நோய் இங்கே மேலை நாடுகளைவிடக் குறைவாகவே இருந்துவந்திருக்கிறது என்றாலும், இரு எண்களும் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன.

இந்தச் சதவீதங்களை எடுத்து யாரும் பிள்ளையில்லாத பெண்ணின் மீது எறியக் கூடாது. அவற்றின் அளவையும் பார்க்க வேண்டும்: நோய் மிகுந்த அமெரிக்காவிலேயே வாழ்நாளில் 100 பெண்களில் சுமார் 3 பேருக்குத்தான் இது வருகிறது. ஆகவே பிள்ளை பெறாதவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆபத்தைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. கருத்தடை மாத்திரையை ஐந்தாண்டுகள் உட்கொண்டால் ஆபத்து சுமார் கால் பங்கு குறைகிறது, மாத்திரையை நிறுத்தி 30 ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பலன் நீடிக்கிறது என்று 2015இல் வெளியான பெரிய கூட்டாய்வு காட்டியது. எடையைக் குறைப்பதும் பலன் தரும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கவலைக்குரியது. ஐந்தாறு பெற்று வளர்த்த பாட்டி, மாதவிடாய் நின்று பத்து வருடம் கழித்துத் துணியில் ஒரு கறையைக் காண்கிறார். ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கிறார். மகளிடம் சொல்லவும் கூச்சம். இந்நோய் வந்த, மாதவிடாய் நின்ற பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் அறிகுறி அந்த உதிரப்போக்குதான், எத்தனை பிள்ளை பெற்றவராயினும். அப்படி உதிரம் கண்டவர்களில் புற்றுநோய் இருப்பது பத்தில் ஒருவருக்கே. அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கப் பிறப்புறுப்பு வழியாக ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். அகவுறை 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் மெல்லிய குழாயால் துளி திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. நோய் கருப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்ட அமெரிக்கப் பெண்களில் 100க்குச் சுமார் 95 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள்.