பூட்டுண்ட சில்லு: கடுகண்ணாவை முதல் யால வரை

இலங்கையின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் வீதி வெட்டிய வரலாறாகவும் தண்டவாளம் பதித்த வரலாறாகவுமே கூறப்பட்டு வந்துள்ளது. எந்த ஆளுநர் காலத்தில் எந்தக் கணவாய் திறக்கப்பட்டது, எந்த ஆண்டில் எந்த ஊருக்குப் புகைவண்டி சென்றது என்பன பாடநூல்களிற் காணக்கிடைப்பன. ஏறிய வண்டி எவ்வாறு இறங்கியது, ஓடிய வண்டி எவ்வாறு நின்றது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகின்றது. மலைநாட்டைப் பொறுத்தவரை இவ்வினாவே முதன்மையானது. ஏற்றத்திற் சோர்ந்த எருது நின்றுவிடும். இறக்கத்திற் கட்டுமீறிய வண்டியோ நில்லாது.

எட்வேட் பாண்ஸ் ஆட்சிக் காலத்திற் கொழும்பு-கண்டி வீதி கடுகண்ணாவைக் கணவாயூடாக அமைக்கப்பட்டது. அப்பணியில் முன்னின்ற கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். அவர் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் இன்றும் வீதியோரத்தில் நிற்கின்றது. கோப்பி மூடைகளுடன் அவ்வழியே இறங்கிய வண்டிகளின் பாரத்தைத் தாங்கிப் பிடித்தவை பெரும்பாலும் மாடுகளின் கழுத்துகளே. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, அதே மலையை நாற்பத்தைந்துக்கு ஒன்று என்னும் சாய்வில் ஏறியது. புகையிரதத்தை மேலே இழுப்பதற்கு வலிய எந்திரம் போதும். கீழே கொண்டுவருவதற்கு ஒவ்வொரு பெட்டியிலும் நம்பத்தக்க தடுப்பு வேண்டும். இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1889ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அண்மையில், ஏற்றத்தில் நின்ற புகைவண்டியிலிருந்து கழற்றப்பட்ட பெட்டிகள் பின்னோக்கி ஓடி மற்றொரு வண்டியுடன் மோதியதில் 80 பேர் மாண்டனர். தொடர்ச்சியான தானியங்கித் தடுப்பு பிரயாணிகள் வண்டிகளுக்குப் பிரித்தானியாவில் சட்டத்தால் விதிக்கப்பட்டது அதன் பின்னரே.

இக்கட்டுரையின் பொருளுக்கு ஆர்மா விபத்தினும் முக்கியமானது அதற்குப் பதினோராண்டு முன்னர் நடந்த ஒரு சோதனை. 1878இல் டக்ளஸ் கால்ற்றன் என்பவர், காற்றமுக்கத் தடுப்பைக் கண்ட வெஸ்றிங்ஹவுசின் துணையுடன், இங்கிலாந்தின் புகையிரதப் பாதையொன்றில் தடுப்பின் இயல்பை அளந்தார். உருளும் சில்லை நெருக்கினால் வண்டியின் வேகம் தணிகின்றது. நெருக்கம் மிகுந்து சில்லு பூட்டுண்டு வழுக்கத் தொடங்கியதும் தடுக்கும் விசை குறைந்துவிடுகின்றது. கூடுதலாக நெருக்குபவன் குறைவாகவே நிறுத்துகின்றான் என்பது பொதுப்புத்திக்கு மாறானது. பின்வந்த தடுப்புக் கலையின் பெரும் பகுதி இந்த ஒரு முரணின் விரிவுரையே எனலாம்.

மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தபோது இம்முரணும் உடன் வந்தது. தார் வீதியில் மழை பெய்து, சாரதி அஞ்சி மிதியை ஒரேயடியாக அழுத்தினால், சில்லுகள் பூட்டுண்டு, சுக்கான் எப்பக்கம் திரும்பினும் வண்டி தன் பாட்டிற் செல்லும். உருளாத சில்லு வண்டியைத் திருப்பமாட்டாது. ஆகவேதான் பழைய சாரதிமார் புதியவருக்கு முதலிற் கற்பித்த பாடம் “பிறேக்கை விட்டு விட்டு மிதி” என்பதாயிருந்தது. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் றோவர், விரைவிலேயே தேயிலைத் தோட்டங்களின் வாகனமாயிற்று. அதன் கைத்தடுப்பு சில்லுகளைப் பற்றாது, எந்திரவலுவைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டைப் பற்றுவது. சேற்றிலும் சாய்விலும் நிற்பதற்கு அது நல்ல ஏற்பாடு. ஓடும்போது திடீரென இழுப்பதற்கன்று. அதன் உருளைத் தடுப்புகள் ஆற்றைக் கடந்ததும் நீர் தோய்ந்து சிறிது நேரம் பிடியிழந்துவிடும். கரையேறியதும் மிதியை மெல்ல அழுத்தியபடி ஓட்டி அவற்றை உலர்த்துவது அக்காலச் சாரதிகளின் வழக்கம்.

விட்டு விட்டு மிதிக்கும் இவ்வித்தையை மனிதன் காலிலிருந்து பொறிக்கு மாற்றும் முயற்சி முதலில் வானூர்திகளிலேயே வெற்றி பெற்றது. டன்லப் நிறுவனத்தின் மக்சறெற் என்னும் கருவி 1950களின் தொடக்கத்தில் ஈரமான ஓடுபாதையில் இறங்கும் விமானங்களின் சில்லுகளைப் பூட்டுறாமற் காத்தது. அதனை ஏற்ற முதல் உற்பத்திக் கார் 1966இல் வந்த ஜென்சன் எவ்.எவ். என்பது; அது நான்கு சில்லுகளும் இழுக்கும் கார் என்பது சுவையான பொருத்தம். விலை மிகுந்த அவ்வண்டி முந்நூற்றுச் சொச்சமே செய்யப்பட்டது. 1978இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணு முறை மெர்சிடிஸ் காரில் இடம்பெற்ற பின்னரே, இன்று யாவரும் ஏ.பி.எஸ். என வழங்கும் முறை பரவலாயிற்று. ஒவ்வொரு சில்லோடும் ஒரு பல்வளையம் சுழலும். அதனருகே உள்ள உணரி அதன் வேகத்தை எண்ணும். ஒரு சில்லு மற்றவற்றினும் சடுதியாக மந்தமுறின் அது பூட்டுறப்போகின்றது என்று கணிப்பான் முடிவுசெய்து, அச்சில்லுக்குச் செல்லும் அமுக்கத்தைக் குறைத்து, பிடித்து, மீண்டும் கூட்டும். செக்கனுக்குப் பல தடவை இது நிகழ்வதாற் சாரதியின் பாதத்தில் மிதி துடிக்கும். அத்துடிப்பைப் பழுதென்றெண்ணிக் காலை எடுப்பவர் கருவியின் பயனை இழக்கின்றார்.

காட்டுவழி வண்டிகளுக்கு இம்முறை தாமதித்தே வந்தது. 1989இல் றேஞ்ச் றோவரில் அது இடம்பெற்றது. தாமதத்துக்குக் காரணம் உண்டு. தளர்ந்த சரளையிலும் ஆழமான மணலிலும் பூட்டுண்ட சில்லு தனக்கு முன்னே மண்ணை வாரிக் குவித்து ஓர் ஆப்பு இட்டுக்கொள்கின்றது. அவ்வாப்பே வண்டியை நிறுத்துகின்றது. கால்ற்றன் இரும்பின் மேல் இரும்பை வைத்துக் கண்ட விதி இங்கே தலைகீழாகின்றது. சில்லை உருளவிடும் ஏ.பி.எஸ். அவ்வாப்பைக் கட்டவிடாது, ஆதலால் நிற்கும் தூரம் கூடும். இதனை வண்டி செய்தோரும் அறிந்திருந்தனர். 1980களின் ஓடி குவாற்றோவில் ஏ.பி.எஸ்.ஸை நிறுத்துவதற்கு ஒரு விசை இருந்தது. மெர்சிடிசின் ஜீ வகை வண்டியில் டிபரென்சியலைப் பூட்டியதும் அது விலகிக்கொள்ளும். அச்சுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டபின் சில்லுகள் சேர்ந்தே மந்தமுறுமாதலால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கணிக்க வழியில்லை. எனவே ஏ.பி.எஸ். காட்டிற்கு ஆகாது என்று கராஜ்களிற் கூறப்படுவது முற்றிலும் பொய்யன்று. ஆயின் அது அரை உண்மை. ஆப்பிட்டு நிற்கும் வண்டி நேரே மட்டுமே செல்லும். பாதை வளைந்தால் வளையாது. மேலும், 1997இல் வந்த லாண்ட் றோவர் பிறீலாண்டர் தொடக்கம், செங்குத்தான இறக்கத்தில் வண்டியை மெல்ல இறக்கும் ஏற்பாடு இதே ஏ.பி.எஸ். உறுப்புகளைக் கொண்டே செய்யப்பட்டுள்ளது.

இனி, மாற்றியமைக்கப்பட்ட ஜீப்பை நோக்குவோம். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் யப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றை உயர்த்துவதும் பெரிய ரயர் பூட்டுவதும் ஒரு தொழிலாகவும் மோகமாகவும் வளர்ந்தன. யாலவில் விலங்கு பார்க்கச் செல்வோரை ஏற்றும் வண்டிகள் பலவும் இவ்வினத்தவையே. பிக்கப்பின் முதுகில் உயர்ந்த ஆசனங்களை அடுக்கியவை. 29 அங்குல ரயர் இருந்த இடத்தில் 33 அங்குல ரயர் ஏறியதாகக் கொள்வோம். அதே தடுப்பு நிலத்திற் செலுத்தும் விசை எட்டில் ஒரு பங்களவு குறையும். வேகமானி 50 கிலோமீற்றர் எனக் காட்ட, வண்டி உண்மையில் 57இல் ஓடும். தடுப்பு விழுங்கவேண்டிய சக்தி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடிவிடும். கணிப்பான் இவற்றுள் எதையும் அறியாது. நான்கு ரயர்களும் ஒரே அளவாயிருப்பின் அது ஒருவாறு சமாளிக்கும். முன்னொன்று பின்னொன்றாக இருப்பின், பூட்டுறாத சில்லைப் பூட்டுறுவதாகக் கருதக்கூடும். பாரமான சில்லு மந்தமாகவே மீண்டும் சுழலத் தொடங்குமாதலால், தொழிற்சாலையில் வகுக்கப்பட்ட தாளம் தவறும்.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. பல பிக்கப்புகளில் பின்னச்சோடு தொடுக்கப்பட்ட ஒரு வால்வு, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு பாரத்தை அளந்து பின்தடுப்பின் அமுக்கத்தை நிர்ணயிக்கும். வண்டியை உயர்த்தியவர் அவ்வால்வைத் திருத்தாவிடின், ஆட்கள் நிறைந்திருப்பினும் வண்டி வெறுமையாயுள்ளதென்றே அது கொள்ளும். பின்தடுப்பு பாதி உறங்கும். உயர்ந்த ஆசனங்களில் அமர்ந்தோரால் ஏற்கனவே புவியீர்ப்பு மையம் மேலேறியுள்ள வண்டியில், திடீர் நிறுத்தத்தின் முழுச்சுமையும் முன் சில்லுகளில் விழும். புதிய வண்டிகளில் அவ்வால்வின் வேலையையும் ஏ.பி.எஸ்.ஸே செய்கின்றது. காட்டுக்குச் செல்கின்றோமென்று அதன் பியூசைப் பிடுங்குபவர் அப்பங்கீட்டையும் சேர்த்தே பிடுங்குகின்றார். அதன்பின் பின்சில்லுகள் முதலிற் பூட்டுறின் வண்டி தன்னைத்தானே சுற்றும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீளத் திறக்கப்படும் வரை, இருந்த வண்டியை எப்படியாவது ஓடவைப்பதே வழியாயிருந்தது. பஞ்சிகாவத்தையிற் கிடைத்த உறுப்பு எந்த வண்டிக்கு உரியது என்று நுணுகிப் பாராத காலம் அது. ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் விளக்கையே கழற்றுவது திருத்துவதினும் மலிவு. மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. எரியாத விளக்கு எதனை மறைக்கின்றதென்று அது இயற்றப்பட்ட காலத்தில் எவரும் எண்ணியிருக்க முடியாது.

பியூசைப் பிடுங்கியவர் காட்டிலேயே குடியிருப்பவருமல்லர். நுகேகொடையை ஊடறுத்துச் செல்லும் ஹைலெவல் வீதி, அவிசாவளை, இரத்தினபுரி, பெரகலை எனத் தொடர்ந்து வெல்லவாயாவை அடைகின்றது. சனிக்கிழமை விடியலில் அவ்வழியே சேற்றைத் தேடிப் போன ஜீப், ஞாயிறு மாலையில் அதே பெரிய ரயர்களுடனும் அதே பிடுங்கிய பியூசுடனும் திரும்புகின்றது. அந்நேரம் நுகேகொடையில் மழை. பஸ்ஸுக்கு ஓடுவோர் மஞ்சட் கடவையில். வீதி சரளையன்று, வழுக்கும் தார்.