சுவரில் ஏறும் முகம்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குப் பெரிய படம் வருவது பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான். இருக்கிறவரை அவர் முகம் ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தில், மூன்றாவது வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி மறைந்து கிடக்கும். காரியம் நெருங்கும்போதுதான் வீட்டார் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுவார்கள். கடைசியில் கையில் அகப்படுவது ஒரு வாக்காளர் அட்டை. அதை எடுத்துக்கொண்டு என்னைப் போன்ற ஆளிடம் வருவார்கள். கேமராவும் வைத்திருப்பான், தூரிகையும் பிடிப்பான் என்று ஊரில் பேர் வாங்கியவனிடம். அட்டையில் இருக்கும் முகம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அவர்கள் கேட்பதோ கூடத்துச் சுவரை நிறைக்கும் படம். அளவு, விலை எல்லாம் பேசி முடித்த பிறகு தவறாமல் ஒன்று சொல்வார்கள்: “பேசற மாதிரி இருக்கணும்.”

இந்தப் படம் கேமராவோடு பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வயது இன்னும் அதிகம்.

அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் பக்கம், கண்டராதித்தம் என்று ஓர் ஊர் இருக்கிறது. முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்த சோழர் பேரில் விளங்கும் ஊர். சில ஆண்டுகளே ஆண்ட அரசர். தில்லைக் கூத்தனைப் பாடிய திருவிசைப்பாக்காரர். 957 வாக்கில் அவர் மறைந்தார். மனைவி செம்பியன் மாதேவி நெடுங்காலம் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே போனார். கும்பகோணத்துக்குக் கிழக்கே திருநல்லத்தில், இன்றைய கோனேரிராஜபுரத்தில், கணவர் பேரால் ஒரு கோயில் எடுப்பித்து, அதன் சுவரில் அவரையே சிவலிங்கத்தை வணங்கும் கோலத்தில் செதுக்கவும் வைத்தார். இது கண்டராதித்த தேவர் என்று அருகிலேயே கல்வெட்டு சொல்கிறது.

கோயில் எழுந்தபோது அரசர் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சிற்பி அவரை நேரில் பார்த்திருப்பானோ என்னவோ. சாயல் ஒத்திருக்கிறதா என்று கேட்க இன்று ஆளும் இல்லை. ஆனால் அரசர் எப்படித் தெரியவேண்டும் என்பதை மாதேவி தீர்மானித்திருக்கிறார். வாளோடும் வேண்டாம், சிங்காசனத்திலும் வேண்டாம். கும்பிட்ட கையோடு இருக்கட்டும். போனவரைப் பற்றி இருப்பவர் ஒன்று சொல்ல, கைத்தொழிலாளி அதை உருவாக்கித் தர, கீழே பேர் எழுதப்படுகிறது. என் பட்டறையில் நடப்பது அச்சுப் பிசகாமல் இதுதான்.

உணர்ச்சியை எப்படிக் காட்டுவது என்று கற்றுக்கொள்ளவும் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வடக்கு வாசல் படி அருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். வரைகிறவர்கள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்க்கவேண்டிய சிற்பம். பக்திக்காகத் தந்தையின் காலையே வெட்டிய பிள்ளைக்கு, இனி நான் உனக்குத் தந்தை என்று சிவன் தன் மாலையைத் தலையில் சுற்றிக் கட்டுகிறார். பக்கத்தில் பார்வதி. பிள்ளை மண்டியிட்டுக் கைகூப்பித் தலையைத் தாழ்த்தியிருக்கிறது. முகத்தில் பெரிதாக எதுவும் செதுக்கவில்லை. குனிந்த கழுத்தும் தலையைத் தொடும் கையுமாகத்தான் எல்லாம் பேசப்படுகிறது. கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திரன், தனக்கு ஈசனே முடிசூட்டியதாக இந்தச் சிற்பத்தில் குறிப்பால் சொல்லியிருக்கிறான் என்று கருதும் கலை வரலாற்றாளர்கள் உண்டு. அப்படியானால் நம் மண்ணின் மிகப் பெரிய அரசன் தன் உருவமாக ஏற்றுக்கொண்டது ஒரு பணிந்த பிள்ளையை. இங்கிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். உணர்ச்சிக்காகக் கண்ணையும் வாயையும் மட்டும் நோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பார்.

அரசாங்கத்தின் கேமரா தமிழ்நாட்டைச் சுற்றியபோது அது முகங்களைத் தேடி வரவில்லை. 1858ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தெற்கே சுற்றிய லின்னேயஸ் டிரைப் எடுத்தவை பெரும்பாலும் கோயில், கோட்டை, மண்டபம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கினார். கல் அசையாது, நெடுநேரம் ஒளி விழவேண்டிய அந்தக் கால முறைக்கு அது தோதான ஆள்.

முகங்களைக் கேமரா முன் கொண்டுவந்தது ஸ்டூடியோ. ரயில் நின்ற அரியலூரிலும், ரயிலே இல்லாமல் பஸ்ஸை நம்பிய பெரம்பலூரிலும் ஸ்டூடியோ திறந்தபோது, உள்ளே முதலில் கண்ணில் பட்டது ஓவியம்தான். அரண்மனைப் படிக்கட்டு, தாமரைக் குளம், தூண் என்று துணியில் தீட்டிய திரை. அதன் முன்னால் வெறுங்காலோடு நிற்கும் விவசாயி. ஓவியனும் போட்டோக்காரனும் நம் ஊரில் ஆரம்பத்திலிருந்தே கூட்டாளிகள்.

ஆனாலும் பலர் உள்ளே வரவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் ஒருபக்கம். காசு இன்னொரு பக்கம். அதனால் பலருக்கு எடுத்த ஒரே படம், இறந்த அன்று எடுத்ததாக இருந்தது. உடலைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு வைத்து, சுற்றிலும் குடும்பம் நிற்க எடுத்த குரூப் போட்டோ. அந்தப் படத்தைக் கொண்டுவந்து, “கண்ணைத் திறந்து வச்சுக் கொடுங்க தம்பி” என்பார்கள். மூடிய இமைக்கு மேல் கண் வரைவது அந்தக் காலத்து ரீடச் கலைஞர்களின் அன்றாட வேலை.

1993ல் புகைப்படத்தோடு கூடிய வாக்காளர் அட்டை வந்தது. கள்ள ஓட்டைத் தடுக்க வந்த அட்டை, அதற்குமுன் கேமரா பக்கமே போகாத எத்தனையோ பேருக்கு உயிரோடு இருக்கும்போது எடுத்த ஒரு படத்தைத் தந்துவிட்டுப் போனது. பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நிறுத்தி எடுத்த, மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். வெயிலில் காத்திருந்த அலுப்பு, அடுத்து என்ன சொல்வார்களோ என்ற மிரட்சி, இரண்டும் அதில் அப்படியே பதிந்திருக்கும். பையனோ பெண்ணோ அதைக் காட்டி, “எங்கம்மா இப்படி இருக்காது” என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அட்டையில் இருப்பவர் அவர்கள் அம்மாதான். ஆனால் அவர்கள் பார்த்த அம்மா இல்லை.

அந்த இடைவெளியில்தான் இந்தத் தொழில் பிழைக்கிறது. முன்பு வேலை இருட்டறையில் தொடங்கும். அட்டையைப் படம் எடுத்து, அந்த நெகட்டிவை என்லார்ஜரில் வைத்துச் சிவப்பு விளக்கில் புரோமைடு தாளில் பெரிதாக்குவார்கள். டெவலப்பர் தட்டில் தாள் நனைய நனைய முதலில் தலைமுடி கறுக்கும், பிறகு புருவம், கடைசியில்தான் கன்னம். ஹைப்போவில் போட்டுக் கழுவிக் காயவைத்தால் கிடைப்பது முகம் அல்ல, புள்ளிப் புள்ளியாகச் சிதறிய சாம்பல் நிறம். அதன்மேல் பென்சிலும் தூரிகையும் ஏறும். போட்டோ கலரைப் பஞ்சில் தொட்டுக் கன்னத்துக்கு மெல்லத் தடவுவார்கள். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் கட்டம் போட்டுக் கான்வாசில் எண்ணெய் வண்ணம்.

தூரிகை எங்கே வேலை செய்கிறது என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண், தன் அப்பாயியின் அட்டையோடு வந்திருந்தார். கூடவே அவருடைய அத்தையும் சித்தப்பாவும். நான் வரையத் தொடங்குமுன் பேசவிட்டேன்.

“வெத்தல போட்டுப் போட்டு உதடு ஒரு பக்கமா இழுத்துக்கும்” என்றார் அத்தை.

“அதெல்லாம் வேணாங்க்கா. செவப்பா, லட்சணமா போடச் சொல்லு” என்றார் சித்தப்பா.

“செவப்பா போட்டா அது அப்பாயி இல்ல சித்தப்பா” என்றது பெண். “சோளக் கொல்லைல நின்னு கையை நெத்திக்கு வச்சுப் பாக்கும். கண்ணு இடுங்கி இருக்கும். ஆனா நான் வர்றது தெரிஞ்சதும் சிரிக்கும்.”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அட்டைப் படத்தில் கண்மணியின் வெளிச்சப் புள்ளி கிட்டத்தட்ட நட்டநடுவில் இருந்தது, நேருக்கு நேர் அடித்த பிளாஷின் வேலை. நடுவில் புள்ளி இருந்தால் ஆள் விழிப்பது போலத் தெரியும். அதை அழித்து, மேலே ஓர் ஓரத்தில், கடுகில் பாதியளவு வெள்ளை வைத்தேன். இப்போது வெளிச்சம் வானத்திலிருந்து வந்தது. அப்பாயி கொல்லைக்கு வந்துவிட்டார். கீழ் இமையை ஒரு நூல் அளவு உயர்த்தினேன். சிரிப்பு வாயில் தொடங்குவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையான சிரிப்பில் கீழ் இமை தூக்கும். அது இல்லாமல் உதட்டை மட்டும் வளைத்தால் கடைக்காரர் சிரிப்பாகிவிடும். உதட்டின் ஒரு முனையில் மட்டும் நிழலை ஆழமாக்கினேன், வெற்றிலைக்காக. சுருக்கங்களைத் தொடவில்லை. ரீடச் செய்கிறவர்கள் பழக்கதோஷத்தில் மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டைத் துடைத்துவிடுவார்கள். வயது குறையும், கூடவே ஆளும் காணாமல் போவார். நிறத்தில் மட்டும் சித்தப்பா பேச்சுக்கு அரைப்பங்கு இணங்கிப் போனேன். காசு கொடுப்பவர் அவர்.

படத்துக்குக் கூடத்தில் இவ்வளவு பெரிய இடம் கிடைத்ததற்கு அரசியலும் ஒரு காரணம். சுயமரியாதை இயக்கக் குடும்பங்கள் இறப்புச் சடங்குகளைக் கைவிட்டபோது, எள்ளும் தண்ணீரும் இருந்த இடத்தில் படத்திறப்பு வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் திரையை விலக்க, நாலு பேர் போனவரைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு கருமாதி செய்கிற வீடுகளும் பத்திரிகையில் படத்திறப்பு என்று அச்சடிக்கத் தொடங்கின. அந்தக் காலத்தில்தான் ஊருக்கே ஒரு முகம் வரையப்பட்டது. புகைப்படமே இல்லாத வள்ளுவரை வேணுகோபால் சர்மா தீட்டினார். 1964ல் சட்டமன்றத்தில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜாகிர் உசேன் அதைத் திறந்து வைத்தார். சில புகைப்படங்களே மிஞ்சிய பாரதியை ஓவியர் ஆர்யா தீட்டிய முகத்தால்தான் நம்மில் பலர் அடையாளம் காண்கிறோம். எங்கள் ஊர்க் கூடத்தில் நடப்பதும் அதே வேலை. பார்க்கிற கூட்டம் மட்டும் சிறிது.

கம்ப்யூட்டர் வந்ததும் தூரிகைக்கு வேலை குறைந்தது. தலையை மட்டும் வெட்டி, கோட் சூட் போட்ட உடம்பிலோ பட்டுச் சேலை கட்டிய உடம்பிலோ ஒட்டினார்கள். வாழ்நாள் முழுக்கத் துண்டைத் தவிர எதுவும் தோளில் போடாதவர் டை கட்டிக்கொண்டு சுவரில் ஏறினார். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஒரே இரவில் அச்சாகி விடிவதற்குள் முச்சந்திக்கு வந்துவிடும். 2021 வாக்கில், அசையாப் படத்தைக் கண் சிமிட்டித் தலை திருப்ப வைக்கும் செயலிகள் கைபேசிக்கு வந்தன. எனக்கு அதில் விரோதம் இல்லை. மூடிய இமைமேல் கண் வரைந்த பரம்பரைதானே நாங்கள். குறை ஒன்றுதான். அந்தச் செயலி அத்தையையும் சித்தப்பாவையும் உட்கார வைத்துப் பேசவிடுவதில்லை. எல்லாத் தாத்தாவும் ஒரே மாதிரி தலை திருப்புகிறார்.

என் போக்கை மாற்றியவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பல்காரர். அடுப்படியில், வாசற்படியில், சன்னல் வெளிச்சத்தில் இருக்கும் கறுத்த பெண்களை அவர் தீட்டினால், புகைப்படம் என்றே பலர் ஏமாந்து போவார்கள். 2021 ஜூனில் கொரோனா அவரை நாற்பது சொச்ச வயதில் கொண்டுபோனது. அவர் படங்களில் இருப்பவர்கள் போனவர்கள் அல்ல. வீட்டு வேலைக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்த, உயிரோடிருக்கும் பெண்கள். மாலை போடுவதற்காக இல்லாமல் அவர்களுக்காகவே ஒரு பெரிய படம். அதைப் பார்த்த பிறகு, நான் ஏன் எப்போதும் கடைசியில் போய் நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது பருத்திக் காட்டிலும் சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பும் சாலையோரத்து டீக்கடையிலும் முதலில் கேமராவோடு உட்காருகிறேன். படம் எடுத்து, அவர்களிடமே காட்டி, பிறகுதான் வரைகிறேன்.

வாடிக்கையும் மெல்ல மாறுகிறது. போன தை மாதம் செந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் ஆயா தானே பஸ் ஏறி வந்தார். மஞ்சள் பையில் மடித்த சேலை, கூடவே மூக்குத்தி டப்பா.

“யாருக்குப் படம் ஆயா?”

“எனக்குத்தான். இப்பவே எடுத்து வச்சிரு. நான் போனப்புறம் எம் மவனும் மருமவளும் சேர்ந்துகிட்டு என்னையக் கோவக்காரியாப் போடச் சொல்லுவாங்க.”

சேலையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பச் சொன்னால் திருப்பவில்லை. எந்தப் பக்கம் நல்லா இருக்கும் என்று தனக்கே தெரியும் என்றார். வரைந்து முடித்ததும் வந்து பார்த்துவிட்டு, மூக்குத்தியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வைக்கச் சொன்னார். வைத்தேன். சம்பந்தப்பட்டவரே வந்து திருத்தம் சொன்ன படம் எனக்கு அதுதான் முதல்.