தோல்விக் கணக்கோடு தொடங்கிய ஆசான்

கூடைப்பந்தாட்டத்தை உலகுக்கு அளித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பதை நேயர்களிற் பலர் அறிவர். அவரே அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதலாவது கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளராகவும் விளங்கினார். அப்பதவியில் அவர் கண்ட வெற்றிகள் 55, தோல்விகள் 60. அங்கு ஆடவர் அணியை இதுகாறும் பயிற்றிய எண்மருள், வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆட்டத்தைப் படைத்தவருக்கு இக்கதி நேர்ந்தமை விந்தைதான். ஆனால், அவருடைய மனப்போக்கை அறிந்தவர்க்கு இது விந்தையாகத் தோன்றாது.

நெய்ஸ்மித் 1861-ஆம் ஆண்டிற் கனடாவிலே பிறந்தவர். ஒன்பது வயதிற் பெற்றோர் இருவரையும் நச்சுக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். சமயநூல் கற்று, பின்னர் ஸ்பிரிங்பீல்ட் நகரிற் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியரானார். 1891-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், வெளியே கடுங்குளிர். உள்ளே அடைபட்டுச் சலிப்புற்றிருந்த மாணவர் பதினெண்மருக்கு ஒரு புதிய விளையாட்டு வேண்டியிருந்தது. அவர் கேட்டவை இரண்டு பெட்டிகள். காவலாளர் கொண்டுவந்து கொடுத்தவை பீச்சுப் பழக் கூடைகள். பெட்டி கிடைத்திருந்தால் இவ்விளையாட்டின் பெயரே வேறாகியிருக்கும். கூடைகள் மேன்மாடத்தின் கைபிடியிற் கட்டப்பட்டன. அக்கைபிடி பத்தடி உயரத்தில் அமைந்திருந்தது. கூடையின் உயரம் இன்றும் பத்தடியே.

1898-ஆம் ஆண்டில், மருத்துவப் பட்டமும் பெற்றுக்கொண்டு, லோரன்ஸ் நகரிலுள்ள கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தார். வழிபாட்டை நடத்துவதும் உடற்பயிற்சி கற்பிப்பதுமே அவருடைய கடமைகள். கூடைப்பந்தாட்டம் அவற்றோடு ஒட்டிவந்தது. 1899 பெப்ரவரி 3-இல் நடைபெற்ற முதலாவது போட்டியிற் கன்சாஸ் அணி 5 புள்ளிகளுக்கு 16 என்ற கணக்கில் தோற்றது. நெய்ஸ்மித் அதனாற் கலங்கியவரல்லர். உடலும் ஒழுக்கமும் உரம்பெறுவதற்கு விளையாட்டு ஒரு கருவி என்பதே அவர் கொள்கை.

அவரிடம் ஆடிய மாணவருள் ஒருவர் பொரஸ்ட் அலென். மூடுபனியிற் கப்பல்கள் ஊதும் குழலோசை போன்ற அவருடைய குரலை வைத்து ‘பொக்’ என்று அவரை அழைத்தனர். பயிற்சியாளர் வேலைக்குப் போக அவர் விரும்பியபோது, கூடைப்பந்தாட்டம் ஆடுவதற்குரியதேயன்றிப் பயிற்றுவதற்குரியதன்று என்ற கருத்துப்பட நெய்ஸ்மித் கூறினார் என்பர். மாணவர் அதனை ஏற்கவில்லை. 1907-இல் ஆசானின் இடத்துக்கு வந்த அலென், இடையிற் சில ஆண்டுகள் விலகியிருந்து, 1919 முதல் 1956 வரை தொடர்ந்து அணியை நடத்திக் கன்சாஸுக்காக 590 வெற்றிகளை ஈட்டினார். பயிற்சியாளர் தொழிலுக்கே ஒரு தந்தை அவர் என்றால் மிகையாகாது. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் 876 வெற்றிகளைப் பெற்ற அடொல்ப் ரப்பும், வட கரோலினாவில் 879 வெற்றிகளைப் பெற்ற டீன் சிமித்தும் கன்சாஸில் அலெனிடம் ஆடியவர்களே.

ஆயினும் குருவை மறந்தவரல்லர் அவர். ஒலிம்பிக் விழாவிற் கூடைப்பந்தாட்டம் இடம்பெற வேண்டுமென்று வாதாடியவர்களுள் அலென் முதன்மையானவர். 1936-ஆம் ஆண்டில் அது நிறைவேறியபோது, பயிற்சியாளர் சங்கத்தார் பொருள் திரட்டி முதியவரான நெய்ஸ்மித்தைப் பேர்லினுக்கு அனுப்பிவைத்தனர். இறுதியாட்டம் திறந்தவெளி மண்தரையிலே, கொட்டும் மழையிலே நடைபெற்றது. சேற்றிற் பந்து எழும்பவில்லை. அவர் குடியேறிய நாடு, பிறந்த நாட்டை 19-க்கு 8 என்று வென்றது.

இவ்வளவும் வெற்றிக் கதை. இதற்குள்ளே மற்றொரு கதையும் உண்டு.

1933-ஆம் ஆண்டிலே ஜோன் மக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். நெய்ஸ்மித்தைத் தேடிச் சென்று அவரையே வழிகாட்டியாகக் கொள்ளுமாறு தந்தையார் சொல்லியனுப்பினார். மகனும் அவ்வாறே செய்தார். உடற்கல்விப் பகுதியில் அவரே முதலாவது கறுப்பின மாணவர். வகுப்பிற் கூடைப்பந்தாட்டத்தை அதன் கருத்தாவிடமே கற்கலாம். ஆனால், பல்கலைக்கழக அணியிற் சேர்ந்து ஆட முடியாது, ஏனெனிற் கறுப்பினத்தவர்க்கு அங்கே இடமில்லை. அவ்வணியின் பயிற்சியாளர் அலென். நீச்சற் குளத்தில் அவர் இறங்கியதும் குளத்து நீரையே வடித்துவிட்டனர். மக்லெண்டன் பின்வாங்கவில்லை, நெய்ஸ்மித்தின் ஆதரவோடு 1936-இற் பட்டம் பெற்றார். பந்து எங்கேயோ அங்கேயே ஆட்டம், ஆதலின் ஆடுகளம் முழுவதிலும் அதனைத் துரத்தவேண்டும் என்ற ஆசானின் எண்ணத்தை அவர் விரைவாட்டம் என்னும் முறையாக வளர்த்தெடுத்தார்.

அதன் பலன் வட கரோலினாவிலே தோன்றியது. டர்ஹம் நகரில் கறுப்பின மாணவர்க்கான கல்லூரியொன்றின் பயிற்சியாளராக மக்லெண்டன் அமர்ந்தார். அந்நகரிலேயே, டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவரான வெள்ளையரின் இராணுவ அணியொன்றும் இருந்தது. இவ்விரு சாராரும் ஒருங்கே ஆடுவதை அக்காலத்து இனப்பிரிவினை இடங்கொடாது. 1944 மார்ச் 12, ஞாயிறு காலை, ஊரார் தேவாலயங்களில் இருந்த வேளையிலே, கதவுகளைப் பூட்டிக்கொண்டு அவர்கள் ஆடினர். மக்லெண்டனின் அணி 88-க்கு 44 என்று வென்றது. பின்னர் இரு அணியினரும் கலந்து மற்றோர் ஆட்டமும் ஆடினர். இச்செய்தி பரவலாக வெளிவந்தது 1996-ஆம் ஆண்டிலேதான்.

கன்சாஸ் அணியின் கதவு மெல்லத் திறந்தது. 1952-இல் அலென் தேசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றபோது அணியில் லவானஸ் ஸ்குவயர்ஸ் என்ற கறுப்பின வீரர் இருந்தார். அவரே அங்கு முதல்வர். 1955-இல் ஏழடிக்கு மேற்பட்ட உயரமுடைய வில்ட் சேம்பர்லின் வந்தார். ஆனால், முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆடலாகாதென்ற விதி குறுக்கே நின்றது. அவர் ஆடத் தகுதிபெறுமுன் எழுபது வயது நிறைந்த அலென் சட்டப்படி ஓய்வுபெற நேர்ந்தது. தம் கையாற் கொணர்ந்த பெருவீரரைத் தாம் நடத்தும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. டிக் ஹார்ப் பொறுப்பேற்றார். முதலாட்டத்திலேயே சேம்பர்லின் 52 புள்ளிகள் எடுத்தார். 1957-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில், வட கரோலினா அணியினர் அவரைச் சூழ்ந்து நின்று மறித்தனர். மூன்று தடவை நேரம் நீட்டிக்கப்பட்ட பின்னர், ஒரேயொரு புள்ளியாற் கன்சாஸ் தோற்றது, 54-க்கு 53. அடுத்த ஆண்டு சேம்பர்லின் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார்.

அதே 1957-ஆம் ஆண்டிலே, டென்னசி மாநிலத்துக் கறுப்பினக் கல்லூரியொன்றின் அணியோடு, சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியிலே மக்லெண்டன் வெற்றி பெற்றார். 1958-இலும் 1959-இலும் அவ்வெற்றி தொடர்ந்தது. மூன்றாண்டுகள் இடைவிடாது தேசிய வெற்றி பெற்ற கல்லூரிப் பயிற்சியாளர் அவருக்கு முன் எவருமிலர்.

கன்சாஸ் பின்னரும் 1988, 2008, 2022 ஆகிய ஆண்டுகளில் தேசிய வெற்றி கண்டது. இவற்றுள் இறுதியாகக் கூறிய வெற்றி, 16 புள்ளிகள் பின்தங்கியிருந்து, பழைய எதிரியான வட கரோலினாவை 72-க்கு 69 என்று மடக்கியதாகும். அணி ஆடும் அரங்கு 1955 முதல் அலெனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகள் தட்டச்சுச் செய்யப்பட்ட மூலத்தாள்களை, 2010-ஆம் ஆண்டு ஏலத்தில் பழைய மாணவர் ஒருவர் நாற்பத்துமூன்று இலட்சம் டொலருக்கு வாங்கினார். 2016-இல் அவ்வரங்கின் அருகே எழுந்த மண்டபத்தில் அவை வைக்கப்பட்டன.

ஸ்பிரிங்பீல்டில் நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த புகழ்மண்டபம், ஆட்டத்துக்குத் தொண்டு செய்தவர் என்ற வகையில் 1979-ஆம் ஆண்டு மக்லெண்டனைச் சேர்த்துக்கொண்டது. பயிற்சியாளர் என்ற பெயரில் அவர் அங்கே இடம்பெற்றது 2016-இலேதான். அப்போது அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.